வருகைப் பதிவேட்டின் மேல் ஒரு வஞ்சிரம்

வருகைப் பதிவேட்டை எடுக்கக் கையை நீட்டினால், அதன்மேல் ஒரு மீன் படுத்திருக்கிறது.

பொடி மீன் என்றால்கூடப் பரவாயில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம். துணிக்கடைக் கவருக்குள் தலையும் உடம்பும் அடங்கிவிட்டன. வால் மட்டும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கவரிலிருந்து ஒழுகிய தண்ணீர் பதிவேட்டின் அட்டையை நனைத்து, மேசை விளிம்பு வரைக்கும் ஓடி, என் புடவைக் கொசுவத்தில் சொட்டியது. நாலாம் வகுப்பு மொத்தமும் மூச்சுக் காட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் தர்ஷினி. ஒன்பது வயசு. ரெட்டைப் பின்னலில் ஒரு ரிப்பன் நீலம், ஒரு ரிப்பன் பச்சை. முகமெல்லாம் சிரிப்பு. வலது கை நகங்களில் நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. அன்றைக்கு அதை மட்டும் கேட்டிருந்தால், இந்த வாரப் பத்திக்கு எனக்கு வேறு கதை தேட வேண்டியிருந்திருக்கும்.

"இன்னாடி இது?"

"மீனு டீச்சர்."

"மீனுன்னு தெரியுது. எதுக்கு?"

"உங்களுக்குத்தான் டீச்சர். அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாரு. இது வந்து டீச்சர்..."

"வாயை மூடு."

அன்றைக்கு செப்டம்பர் அஞ்சு. ஆசிரியர் தினம். பாகூர் கொம்யூன் வட்டாரத்தில், பனித்திட்டுப் பக்கம் கடலோர ஊர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலம். பிள்ளைகளுக்கு நான் ஜெயமேரி டீச்சர். பெற்றோர்களுக்கு, நான் இல்லாத இடத்தில், 'நெருப்பு டீச்சர்'. அந்தப் பேர் எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அதில் உள்ளுக்குள் பெருமை.

மூடிகூட வாங்காதவள்

ஏன் அந்தப் பேர் என்றால், நான் யாரிடமும் எதுவும் வாங்க மாட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். பேனாவை விடுங்கள், ஒரு பேனா மூடிகூட வாங்கினதில்லை.

ஆசிரியர் தினத்தன்று மற்ற வகுப்பு மேசைகளைப் பார்க்க வேண்டுமே! ஜிகினா பேப்பர் சுற்றின பேனா, பிளாஸ்டிக் ரோஜா, 'பெஸ்ட் டீச்சர்' என்று எழுதின கப்பு, ஃபேன்ஸி ஸ்டோர் பொம்மை. என் மேசையில் சாக்பீஸ் டப்பா, டஸ்டர், பதிவேடு. அவ்வளவுதான். முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன்: 'டீச்சருக்கு எதுவும் கொண்டுவரக் கூடாது.' கீழே ரெண்டு கோடு வேறு.

ஒரு தடவை கத்திரித் தோட்டம் வைத்திருந்த ஒரு பிள்ளையின் அப்பா, எனக்குத் தெரியாமல் என் ஸ்கூட்டியின் கொக்கியில் ஒரு பை கத்திரிக்காயை மாட்டிவிட்டுப் போய்விட்டார். விடுவேனா நான்? சாயங்காலம் அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, வாசல் கேட்டிலேயே பையை மாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் பெரிய சார், அதாவது தலைமையாசிரியர், தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீ, கத்திரிக்காய்க்குப் போய் இம்மாம் வீராப்பா?"

"கத்திரிக்காய்க்கு இல்ல சார், கொள்கைக்கு."

"கொள்கைய வதக்கியா சாப்பிட முடியும்?" என்றபடி அவர் போய்விட்டார்.

வீராப்பு என்று அவர் சொன்னது சரிதான். அது எங்கே முளைத்தது என்று சொல்லியாக வேண்டும்.

ஒரு பை மல்லாட்டை

வில்லியனூர் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர் ஒன்றில் பிறந்தவள் நான். மாதா கோயிலைச் சுற்றித்தான் எங்கள் தெருக்கள். அப்பா, அம்மா ரெண்டு பேரும் அடுத்தவர் காட்டில் வேலைக்குப் போகிறவர்கள். கோயிலை ஒட்டின பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாவது படித்தபோது, எங்கள் டீச்சருக்கு நாமவிழா வந்தது. அவர் எந்தப் புனிதரின் பேரை வைத்திருந்தாரோ, அந்தப் புனிதரின் திருநாள்.

அன்றைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொன்று கொண்டுபோவோம். முட்டை, வாழைப்பழம், எலுமிச்சை என்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டு சென்ட் பாட்டிலோடு வரும். அதைத் தொட்டுப் பார்க்கவே ஒரு வரிசை நிற்கும்.

எங்கள் அம்மா ஒரு பை மல்லாட்டை அவித்துக் கொடுத்தாள். மல்லாட்டை தெரியுமில்லையா? நிலக்கடலை. கடலை பிடுங்கப் போன இடத்தில் கூலியாக வந்தது. அதில் சொத்தை, பிஞ்சு எல்லாம் கழித்து, நல்ல மணியாகப் பொறுக்கி, உப்புப் போட்டு அவித்திருந்தாள். "சூடு ஆறறதுக்குள்ள குடுத்துடுடி" என்று சொல்லி அனுப்பினாள். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். சூடு சட்டையைத் தாண்டி நெஞ்சில் பட்டது.

மேசை மேல் சென்ட் பாட்டில், முட்டைக் கூடை, ரைஸ் மில்காரர் வீட்டுப் புடவை. என் பையை வாங்கின டீச்சர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில், கால் பக்கம் வைத்தார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. வைத்தார், அவ்வளவுதான். சாயங்காலம் பெருக்க வந்த அம்மாள் அந்தப் பையை எடுத்துப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வீட்டில் அம்மா ஆசையாகக் கேட்டாள். "டீச்சர் இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப நல்லா இருந்துச்சாம்மா."

பொய். அம்மா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

நான் டீச்சரானால் என் மேசை மேலும் எதுவும் இருக்கக் கூடாது, அடியிலும் எதுவும் இருக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆனேன். செய்தேன். அதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கடிதமும் ஒரு மரக்கால் நெல்லும்

இந்தக் கதையெல்லாம் இப்போது ஏன் என்றால், மதகடிப்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ரெண்டு பிள்ளைகளின் அம்மா. 'செப்டம்பர் வந்தாலே வயிற்றைக் கலக்குது மேடம். டீச்சருக்கு கிஃப்ட் வாங்கணும்னு பிள்ளைங்க ஒத்தக் காலில் நிக்குது. இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்து வைத்தது?' என்று கேட்டிருக்கிறார். கேட்ட தோரணையைப் பார்த்தால், ஆரம்பித்தவர் கையில் கிடைத்தால் சும்மா விட மாட்டார் போலிருக்கிறது.

நான் ஆராய்ச்சிக்காரி இல்லை அம்மா. காதில் விழுந்ததைச் சொல்கிறேன். விஜயதசமியன்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்ததிலிருந்து வந்தது என்பார்கள். எங்கள் ஆட்களைக் கேட்டால், நாமவிழா முட்டையிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்வார்கள். ரெண்டும் இருக்கலாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமும் இல்லை, வாத்தியாருக்குச் சம்பளமும் இல்லை என்றிருந்த காலத்தில், அறுப்பு முடிந்தால் களத்து மேட்டிலேயே வாத்தியாருக்கு ஒரு மரக்கால் நெல் ஒதுக்குவார்களாம். ஏர் செய்த தச்சருக்கு ஒதுக்குகிற மாதிரி, அரிவாள் அடித்த கொல்லருக்கு ஒதுக்குகிற மாதிரி. எங்கள் அப்பா அவருடைய அப்பா சொல்லிக் கேட்டது. அதைப் பரிசு என்று யாரும் சொன்னதில்லை. பங்கு என்றுதான் சொன்னார்கள். பிள்ளைக்கு எழுத்து விளைந்தது, அந்த விளைச்சலில் வாத்தியாருக்கும் ஒரு பங்கு.

பிறகு சர்க்கார் சம்பளம் வந்தது. வாத்தியாருக்கு நெல் தேவைப்படவில்லை. கொடுத்துப் பழகின கை சும்மா இருக்குமா? நெல் முட்டையாகி, முட்டை பேனாவாகி, பேனா இப்போது கப்பாகி நிற்கிறது. பங்கு என்பது மறந்து போய், பரிசு என்பது மட்டும் மிஞ்சிவிட்டது. இது என் அபிப்பிராயம். தப்பென்றால் எழுதுங்கள்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்!

ஒரே நேர்த் தெரு

மீனுக்கு வருகிறேன்.

"போர்டுல எழுதினது உனக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியலயா? மீனக் குடுத்தா மார்க்கு போட்டுடுவேன்னு நெனச்சியா? எடு இத. வூட்ல குடுத்துட்டு வா."

வகுப்பு சிரித்தது. நான்தான் சிரிக்க வைத்தேன்.

தர்ஷினி கவரை எடுத்தாள். வெளியே நீட்டின வாலை உள்ளே தள்ளப் பார்த்தாள். அது போகவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

பள்ளியிலிருந்து அவள் வீட்டுக்கு ஒரே நேர்த் தெரு. கடலுக்குப் போய்த் திரும்பினவர்கள் வலை பிரித்துக்கொண்டும், ஐஸ் உடைத்துக்கொண்டும் தெருவெல்லாம் உட்கார்ந்திருக்கும் நேரம். சிரித்துக்கொண்டு கொண்டுபோன மீனை, அத்தனை பேர் பார்க்கத் திருப்பி எடுத்து வந்தாள் அந்தப் பெண்.

நான் பதிவேட்டைத் துடைத்துவிட்டுப் பேர் கூப்பிட ஆரம்பித்தேன். கொள்கையைக் காப்பாற்றிவிட்ட திருப்தி. மத்தியானம் பெரிய சாரிடம் சொல்லிச் சிரித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவள் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரோஷக்காரி, ரெண்டு நாளில் தானாக வருவாள் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் போனது. அதற்குமேல் நாலு நாள் போனது.

தமிழ் நோட்டுகளைத் திருத்தும்போதுதான் உறைத்தது. கட்டில் அவள் நோட்டு இல்லை. இந்தப் பெண்ணின் கையெழுத்து இருக்கிறதே, அச்சில் வார்த்தது போல இருக்கும். ரெண்டாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது பென்சிலைக் கரண்டி மாதிரி பிடித்த கை அது. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கைமேல் என் கையை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் காட்டியிருக்கிறேன். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"தர்ஷினி ஏன்டி வரல?" என்று முன்பெஞ்சுப் பெண்ணைக் கேட்டேன்.

"அவ இனிமே வர மாட்டா டீச்சர். அவங்க போட்டு கடலுக்குப் போவல. அவ பேரு எழுதினதாலதானாம்."

"எதுல எழுதினா?"

"போட்டுலதான் டீச்சர். நீல பெயிண்ட்ல."

அந்த நகங்கள் கண்முன்னால் வந்து நின்றன.

மூணு மீன்

மணி அடித்ததும் கிளம்பினேன். வீட்டுக்கு முன்னால் மணலில் ஒரு ஃபைபர் போட்டு நின்றது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தார்ப்பாய் விலகின இடத்தில் பேர் தெரிந்தது. நீல பெயிண்டில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தும்: செல்வி. தர்ஷினியின் அம்மா பேர்.

அடடா, என்ன எழுத்து! அந்தப் பயத்திலும் எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. வாத்தியார் புத்தி எங்கே போகும்?

வீட்டுக்குள்ளிருந்து செல்வி வந்தாள். பாகூர் கடைத்தெருவில் மீன் விற்கிறவள். வாயைக் கேட்க வேண்டுமா?

"வாங்க டீச்சர். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"தர்ஷினி எங்க செல்வி?"

"உள்ளதான் கீறா. உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாளாம்."

நான் மணலிலேயே நின்றேன். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான்.

"போட்டுக்குப் பேரு எழுத பாகூர்லேர்ந்து பெயிண்டர் வரணும்" என்று செல்வி ஆரம்பித்தாள். "அவன் கல்யாண வேலையில மாட்டிக்கினு வரல. நான் எழுதறேம்பான்னு இவ ஒரே அடம். அவரும் எழுதுன்னு உட்டுட்டாரு. ரெண்டு நாளு வெயில்ல குந்திக்கினு எழுதினா. இங்க புதுசா போட்டு எறக்கினா, மொத மொத வலையில படறதுலேர்ந்து மூணு மீன தனியா எடுத்து வெப்போம் டீச்சர். ஒன்னு அம்மன் கோயிலுக்கு. ஒன்னு இன்ஜின் பூட்டின மெக்கானிக்குக்கு. ஒன்னு பேரு எழுதினவங்களுக்கு. பெயிண்டரா இருந்தா வாங்கிக்கினு போயிக்கினே இருப்பான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ இன்னா சொன்னா தெரியுமா? 'எழுதினது நானு, என் கையப் புடிச்சி எழுத வெச்சது டீச்சரு. அந்த மீனு அவங்களுக்குத்தான் போவணும்'னா. அவங்க அப்பா சரின்னுட்டாரு. அப்புறம் இருக்கறதுலயே நல்ல மீனாப் பாத்து எடுத்துக் குடுத்தாரு."

நான் திரும்பி அந்த நீல எழுத்தைப் பார்த்தேன். செல்வி நிறுத்தவில்லை.

"அந்தப் பங்க வேணாம்னு திருப்பி அனுப்பினா, அந்தப் பேரு நிக்காதுன்னு அர்த்தம். பேரு நிக்காத போட்டுல எவன் ஏறுவான்? கூட வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் கழண்டுக்கினாங்க. அவரு பழையபடி கூலிக்குப் போறாரு. வர்ற வெள்ளிக்கிழம பேர சொரண்டிட்டு, பெயிண்டர இட்டாந்து வேற பேரு எழுதறதுன்னு பேசி முடிச்சிட்டாங்க."

அவள் புருஷன் ஏழுமலையை எனக்குத் தெரியும். சுனாமியில் அவருடைய அப்பாவின் கட்டுமரம் போனதிலிருந்து, மற்றவர்கள் போட்டில் கூலிக்கு ஏறினவர். இத்தனை வருஷம் கழித்து ஒரு சொந்தப் போட்டு. அதில் ஒரே ஒரு தடவை கடலுக்குப் போயிருக்கிறார். அதற்குள் நான் ஒரு 'வாயை மூடு' சொல்லி, அதைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என் கை ராசியில்லையாம் டீச்சர். நான் இனிமே எதுவும் எழுத மாட்டேன்."

ஐயோ! என் மல்லாட்டைப் பை அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. மேசைக்கு அடியில் வைத்த அந்த டீச்சராவது பையைக் கையில் வாங்கினார். நான் வாங்கக்கூட இல்லை. அத்தனை வருஷம் நான் நெஞ்சில் வைத்து வளர்த்த கோபத்தை, ஒரு ஒன்பது வயசுப் பெண்ணின் தலையில் இறக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை மூடி மறைக்க எனக்கு மனசில்லை.

"செல்வி, தப்பு என்னுதுதான். இப்பக் குடு, வாங்கிக்கறேன். வேற ஒரு மீனு..."

"வேற மீனு எப்படி டீச்சர் ஆவும்? மொத வலை ஒரு தடவதான்."

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே போய், பேப்பரில் சுற்றின ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தாள்.

அதே வஞ்சிரம். நடுவில் கீறி, உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, கருவாடாகி இருந்தது. வாலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"விக்கவும் முடியல, கொழம்பு வெக்கவும் முடியல. எங்களுது இல்லையே. அடுத்தவங்க பங்க எப்படி துன்றது? அதான் உப்பு போட்டுக் காய வெச்சேன். நீங்க கேட்டுக்கினு வருவீங்கன்னு நெனச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன். நெனைக்கல."

கவர் வேணாம்

செல்வி கவர் தேடினாள்.

"கவர் வேணாம் செல்வி. ஊரே பாக்கத் திரும்பி வந்த மீனு. ஊரே பாக்கத்தான் போவணும்."

பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். "தர்ஷினி, வெளிய வாடி. நீ சொல்ல வந்தத டீச்சர் கேக்காம உட்டுட்டேன். மன்னிச்சுக்க."

கதவுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு பின்னல் தெரிந்தது. அப்புறம் ஒரு கண். அப்புறம் அவள். என் கையில் இருந்த கருவாட்டைப் பார்த்தாள்.

"நாறும் டீச்சர்."

"நாறட்டும்டி."

அந்தத் தெருவில் நான் எத்தனையோ தடவை ஸ்கூட்டியில் போயிருக்கிறேன். அன்றைக்கு நடந்து போனேன். ஒரு கையில் கருவாடு, ஒரு கையில் தர்ஷினி. வெள்ளைக் காட்டன் புடவை கட்டிக்கொண்டு நெருப்பு டீச்சர் கருவாட்டை ஏந்திப் போனால், ஊர் சும்மா இருக்குமா? வலை பிரித்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"இன்னா டீச்சர், கையில கருவாடா?" என்று ஒருத்தர் ஆரம்பித்தார்.

கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு. அதை அப்படியே எடுத்து விட்டேன். "கருவாடு இல்ல, என் பங்கு! செல்வி போட்டுல பேரு எழுதினதுக்கு மொத வலைப் பங்கு! என் பொண்ணு எழுதின பேரு! வாங்கிக்கினேன்!"

பத்தடிக்கு ஒரு தடவை இதையே சொன்னேன். தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூணாவது தடவை அவளும் சேர்ந்து கத்தினாள்.

தெரு முனையில் ஏழுமலை வேறொருவர் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்கிக்கினீங்களா டீச்சர்?"

"வாங்கிக்கினேன்பா."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "காலைல எறக்கிடலாம்" என்றார். கழண்டுகொண்ட ரெண்டு பேரில் ஒருவரான அந்த ஆள் தலையை ஆட்டினார்.

மறுநாள் 'செல்வி' கடலுக்குப் போனது. தர்ஷினி பள்ளிக்கு வந்தாள். எல்லாரையும் வைத்துக்கொண்டு திட்டினவள் நான், எல்லாரையும் வைத்துக்கொண்டே மன்னிப்பும் கேட்டேன். எவ்வளவு மீன் பட்டது என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

கருவாட்டுக் குழம்புக்குக் கத்திரிக்காய் இல்லாமல் எப்படி? அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்கே போய், கேட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்டேன். "இன்னா டீச்சர், சூரியன் மேக்கால உதிக்குதா?" என்றார் மனுஷன். பை நிறையக் கொடுத்தார். ரெண்டு நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

அடுத்த வருஷமும் ஆசிரியர் தினத்துக்கு முதல் நாள் கரும்பலகையில் எழுதினேன். 'டீச்சருக்கு எதுவும் கொண்டுவரக் கூடாது.' அதற்குக் கீழே போட்ட ரெண்டு கோட்டை மட்டும் அழித்துவிட்டு, இன்னொரு வரி சேர்த்தேன். 'கொண்டுவந்தால், எதற்கு என்று டீச்சர் கேட்பார்.'

மறுபடியும் ஒரு வால்

தர்ஷினி ஐந்தாவது போனபோது அந்த வகுப்புக்கும் நான்தான் டீச்சர். பொங்கல் முடிந்து ஒரு காலை. பதிவேட்டுக்குக் கையை நீட்டினால், மறுபடியும் துணிக்கடைக் கவர். மறுபடியும் வெளியே நீட்டின வால். மேசைக்கு அந்தப் பக்கம் தர்ஷினி. நகங்களில் இந்தத் தடவை சிவப்பு பெயிண்ட்.

நான் கற்றுக்கொண்டவள் இல்லையா? பதறாமல் கேட்டேன். "எதுக்குடி இது?"

"புது போட்டு டீச்சர். எங்க சொந்தக்காரங்ககூட இல்ல. பெயிண்டர் வந்து நின்னான். வேணாம்பா, அந்தப் பொண்ணே எழுதட்டும்னு அவன அனுப்பிட்டு என்னக் கூப்பிட்டாங்க."

நான் எழுந்து நின்று, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, ரெண்டு கையையும் நீட்டினேன்.

தர்ஷினி சட்டென்று கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஐய, உங்களுக்கில்ல டீச்சர். இது எனக்கு. என் பங்கு. சும்மா காட்டத்தான் எடுத்தாந்தேன்."

வகுப்பு மொத்தமும் மூச்சுக் காட்டாமல் என் முகத்தைப் பார்த்தது. நான் சிரித்த சிரிப்பில் பெரிய சார் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் இவ்வளவு பெருமையாக ஒன்றைக் கொடுக்காமல் போனதில்லை.

மீனைக் கவரிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி மேசை நடுவில் வைக்கச் சொன்னேன். பேர் கூப்பிட்டு முடிகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. பதிவேடு நனைந்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.